ஊர் பேசுவதைக் கேளுங்கள்

வெள்ளம் வந்தாலும், புது நோய் வந்தாலும், ஊரில் அடுத்தடுத்து இரண்டு சாவு விழுந்தாலும் மாவட்ட நிர்வாகத்திடமிருந்து முதலில் வரும் வாக்கியம் ஒன்றுதான்: பொதுமக்கள் வதந்திகளை நம்ப வேண்டாம். பத்திரிகை அதை அப்படியே அச்சிடுகிறது. தொலைக்காட்சியின் அடிவரியில் அது ஓடுகிறது. வதந்தி பரப்புவோர் மீது கடும் நடவடிக்கை எடுக்கப்படும் என்று காவல்துறை இன்னொரு வரி சேர்க்கிறது. படித்தவர்கள் தலையாட்டுகிறோம். சரியாகத்தானே சொல்கிறார்கள், இந்த வாட்ஸாப் ஆட்களுக்கு வேறு வேலை என்ன என்று நமக்குள் சொல்லிக்கொள்கிறோம்.

அந்த வாக்கியத்துக்கு அடியில் ஒரு நம்பிக்கை இருக்கிறது. ரேஷன் கடை வரிசையிலும், நூறு நாள் வேலை நடக்கும் ஏரிக்கரையிலும், சலூனிலும், அரசு மருத்துவமனையில் ஓ.பி. சீட்டுக்கு நிற்கும் கூட்டத்திலும், குடும்பக் குழுக்களில் சுற்றும் குரல்பதிவுகளிலும் ஜனங்கள் பேசிக்கொள்வது வெறும் வம்பு; அதில் தெரிந்துகொள்ள ஒன்றுமில்லை; பொறுப்பில் இருப்பவர் அதைக் காதில் போட்டுக்கொள்ளக் கூடாது, மிஞ்சினால் வாயை அடைக்க வேண்டும். இந்த நம்பிக்கை தவறு. பலமுறை உயிர்களைக் காவு வாங்கிய தவறு.

வூஹானில் நடந்ததைப் பாருங்கள். 2019 டிசம்பர் 30 அன்று லீ வென்லியாங் என்ற கண் மருத்துவர், தன்னோடு படித்தவர்களின் வீசாட் குழுவில் ஒரு செய்தி போட்டார்: கடலுணவுச் சந்தையோடு தொடர்புடைய ஏழு பேருக்கு சார்ஸ் வந்திருக்கிறது, வீட்டில் இருப்பவர்களை எச்சரித்து வையுங்கள். இரண்டு நாளில், வதந்தி பரப்பியதாக எட்டுப் பேர் மீது நடவடிக்கை எடுத்ததாக நகரக் காவல்துறை அறிவித்தது. ஜனவரி 3 அன்று லீயைக் காவல் நிலையத்துக்கு வரவழைத்து, பொய்யான செய்தி பரப்பினேன் என்ற தாளில் கையெழுத்து வாங்கினார்கள். பிப்ரவரி 7 அன்று, அதே நோய்க்கு, 33 வயதில் அவர் இறந்தார்.

இதில் நான் பார்க்கச் சொல்வது வேறு ஒன்றை. எழுத்துக்கு எழுத்துப் பார்த்தால் போலீஸ் சொன்னது பொய்யல்ல. வந்தது சார்ஸ் அல்ல. அதன் உறவான இன்னொரு வைரஸ். உண்மை சரிபார்க்கும் ஒருவரிடம் அந்தச் செய்தியைக் கொடுத்திருந்தால், தவறு என்று சிவப்பு முத்திரை குத்தித் திருப்பியிருப்பார். அதே ஜனவரி 28 அன்று சீன உச்ச மக்கள் நீதிமன்றத்தின் சமூக ஊடகக் கணக்கில் வெளியான கட்டுரை ஒன்று, அந்த ‘வதந்தி’யை அப்போதே மக்கள் நம்பி முகக்கவசம் போட்டு, அந்தச் சந்தைப் பக்கம் போகாமல் இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்ற பொருளில் எழுதியது. பேச்சில் இருந்த பெயர் தப்பு. அது கைநீட்டிக் காட்டிய இடம் சரி. உண்மையா பொய்யா என்ற ஒரே கேள்வியோடு மக்கள் பேச்சை அணுகுகிறவர் இந்த வேறுபாட்டை என்றைக்கும் பிடிக்க மாட்டார்.

வேறு விதமாகக் கேட்டவர்களும் உண்டு. அதற்குப் பதினேழு ஆண்டுகளுக்கு முன், 2003 பிப்ரவரி 10 அன்று, தொற்றுநோய்ச் செய்திகளை உலகெங்கும் பகிரும் புரோமெட் என்ற சேவை ஒரு கேள்வியை வெளியிட்டது. ஆசிரியர்கள் கூடும் ஓர் அரட்டை அறையில், குவாங்சோ நகரில் மருத்துவமனைகள் மூடிக்கிடக்கின்றன, ஜனங்கள் சாகிறார்கள் என்று ஒருவர் சொன்னாராம், யாருக்காவது தெரியுமா? மூன்றாம் ஆள் வாய்வழி வந்த சங்கதி. நம் ஊர் அளவுகோலில் கலப்படமில்லாத வதந்தி. புரோமெட் அதை நம்பவும் இல்லை, குப்பையில் போடவும் இல்லை, கேள்வியாகவே வெளியிட்டது. மறுநாள் குவாங்டாங் மாகாணத்தில் 305 பேருக்கு நோய், 5 பேர் மரணம் என்று சீன அரசு உலக சுகாதார நிறுவனத்துக்குத் தெரிவித்தது. உலகம் பிறகு சார்ஸ் என்று அழைத்தது அதைத்தான்.

இந்திய அரசுக்கும் இது தெரியாத விஷயம் அல்ல. தேசிய நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் கீழ் 2008 ஜூலை முதல் ஒரு பிரிவு இயங்குகிறது. செய்தித்தாள், தொலைக்காட்சி, இணையம் ஆகியவற்றில் இந்த ஊரில் ஏதோ காய்ச்சலாம் என்கிற மாதிரி வரும் துணுக்குகளைப் பொறுக்கி எடுத்து, அந்தந்த மாவட்டத்துக்கு அனுப்பி, போய்ப் பார்த்துச் சொல்லுங்கள் என்று கேட்பதே அதன் வேலை. வதந்திகளை நம்ப வேண்டாம் என்று ஒரு கை எழுதுகிறது. அதே அரசின் இன்னொரு கை வதந்தியைப் பொறுக்கி எடுத்து உயிர்களைக் காப்பாற்றுகிறது. இரண்டாவது கை செய்வதுதான் முழு அரசின் பழக்கமாக வேண்டும் என்கிறேன்.

உத்தரப் பிரதேசத்தில் போலியோ ஒழிந்த கதையை இதற்காகவே விரிவாகச் சொல்ல வேண்டும். 2002-இல் இந்தியாவில் 1,600 குழந்தைகளுக்குப் போலியோ வந்தது; அதில் பெரும்பகுதி அந்த ஒரே மாநிலத்தில். மேற்கு மாவட்டங்களில், மொராதாபாத் போன்ற இடங்களில், சொட்டு மருந்துக்காரர்கள் வந்தால் கதவைச் சாத்தினார்கள். முஸ்லிம் குடியிருப்புகளில், இந்த மருந்தைக் கொடுத்தால் பிள்ளைகளுக்கு நாளைக்குக் குழந்தை பிறக்காது என்ற பேச்சு இருந்தது. அறியாமை, மதவெறி, படிப்பறிவின்மை என்று நகரத்துப் பத்திரிகைகள் தீர்ப்பு எழுதின.

அந்தப் பேச்சு வானத்திலிருந்து குதிக்கவில்லை. நெருக்கடிநிலையின்போது, 1976–77 என்ற ஒரே ஆண்டில், நாடெங்கும் 80 லட்சத்துக்கும் அதிகமானவர்களுக்குக் கருத்தடை அறுவை செய்யப்பட்டது. ஆசிரியருக்கு இலக்கு, தாசில்தாருக்கு இலக்கு, போலீஸுக்கு இலக்கு. ஆள் பிடித்துக் கொண்டுபோய் அறுத்து அனுப்பினார்கள். உத்தரப் பிரதேசம் 1977 தேர்தலில் அதற்குப் பதில் சொன்னது: 85 மக்களவைத் தொகுதிகளில் காங்கிரஸுக்கு ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. அந்த நாளில் ஓடி ஒளிந்த இளைஞனுக்கு 2002-இல் பேரப்பிள்ளை இருக்கும். அரசாங்கத்து ஆட்கள் கையில் மருந்தோடு, எண்ணிக்கை எழுதும் தாளோடு, மறுபடி மறுபடி கதவைத் தட்டினால் அந்த வீட்டுக் கிழவருக்கு வேறு எது ஞாபகம் வரும்? சொட்டு மருந்தைப் பற்றி அந்தப் பேச்சு சொன்னது பொய். அரசாங்கத்தைப் பற்றி அதில் இருந்தது அனுபவம்.

அதே தெருக்களில் வேறு இரண்டு பேச்சுகளும் ஓடின. சாக்கடை தெருவில் ஓடுகிறது, குடிக்கத் தண்ணீர் இல்லை, ஆஸ்பத்திரிக்குப் போனால் மருந்தில்லை என்று துரத்துகிறார்கள். இது ஒன்றை மட்டும் ஏன் வீடு தேடி வந்து கெஞ்சிக் கொடுக்கிறார்கள்? இது ஒன்று. அடுத்தது இன்னும் கூர்மையானது: எத்தனை முறை கொடுத்தாலும் இந்த மருந்து வேலை செய்யவில்லை, குடித்த பிள்ளைக்கும் வந்துவிட்டது. இதைத்தான் மூடநம்பிக்கையின் உச்சம் என்று எள்ளினார்கள். 2006-இல் சயின்ஸ் இதழில் வெளிவந்த ஓர் ஆய்வு, உத்தரப் பிரதேசத்தில் மூன்று வகை வைரஸுக்குமான சொட்டு மருந்தின் ஒரு தவணைக்குக் காப்புத்திறன் சுமார் 9 விழுக்காடுதான் என்று கணக்கிட்டது. நாட்டின் பெரும்பகுதியில் அது சுமார் 21. நெரிசலும் ஓயாத வயிற்றுப்போக்கும் உள்ள இடத்தில் குடலில் அந்த மருந்து சரியாகப் பிடிப்பதில்லை. தாய்மார்கள் கண்ணால் கண்டதைச் சொன்னார்கள். அறிவியல் பிறகு அதற்கு எண் கொடுத்தது. இதை நான் படித்தபோது எனக்கு வந்தது வியப்பு அல்ல, கோபம். பல தவணை கொடுத்தும் பிள்ளை கால் சூம்பிப் போனதைப் பார்த்துவிட்டு, மருந்தில் ஏதோ குறை என்று சொன்ன ஒரு பெண்ணுக்குக் கிடைத்த பட்டம் அறியாதவள்.

நிலைமை திரும்பியதற்குப் பல காரணங்கள். ஒற்றை வகை வைரஸைக் குறிவைக்கும் மருந்து 2005-இலும், இருவகை மருந்து 2010-இலும் வந்தன. ஆனால் அந்த மருந்து வாய்க்குள் போனதற்குக் காரணம், அதே தெருவில் வாழும் ஆயிரக்கணக்கான பெண்களைத் தேர்ந்தெடுத்து வீடு வீடாக உட்கார்ந்து பேசவைத்ததுதான். யார் மறுக்கிறார்கள், என்ன சொல்லி மறுக்கிறார்கள் என்று வீட்டுக்கு வீடு குறித்தார்கள். இமாம்களிடம் போனார்கள். அலிகர் முஸ்லிம் பல்கலைக்கழகமும் ஜாமியா மில்லியாவும் துணைக்கு வந்தன. உ.பி.யிலும் பீகாரிலும் நோய் விடாமல் ஒட்டிக்கிடந்த 107 வட்டாரங்களில் சொட்டு மருந்தோடு வயிற்றுப்போக்குக்கு மருத்துவம், கைகழுவுதல், கழிப்பறை, தண்ணீர் என்று வேலையை விரித்தார்கள். தெருவில் ஏற்கெனவே கேட்ட கேள்விக்கு அது தாமதமாக வந்த பதில். இயற்கைப் போலியோ வைரஸ் தாக்கிய நாட்டின் கடைசி நோயாளி 2011 ஜனவரியில், மேற்கு வங்கத்தின் ஹவுராவில். 2014 மார்ச்சில் சான்றிதழ் கிடைத்தது. நம்பாதீர்கள் என்று ஒலிபெருக்கியில் சொன்னதால் இது நடக்கவில்லை.

தமிழ்நாட்டுக்கும் இது புதிதல்ல. 2017 பிப்ரவரியில் தட்டம்மை–ரூபெல்லா தடுப்பூசி முகாம் தொடங்கியபோது பெற்றோர் தயங்கினார்கள், வாட்ஸாப் செய்திகள் பறந்தன, முகாம் நாட்களை நீட்டிக்க வேண்டியிருந்தது. அப்போதும் பெற்றோரைத் திட்டிய கட்டுரைகள்தான் அதிகம் வந்தன.

இப்போது எதிர்ப்பக்கத்தின் வலுவான வாதத்துக்கு வருகிறேன். வதந்தி ஆளைக் கொல்கிறதே? கொல்கிறது. 2018 மே மாதம் திருவண்ணாமலை மாவட்டம் போளூர் அருகே, குலதெய்வக் கோயிலைத் தேடி சென்னையிலிருந்து குடும்பத்தோடு வந்த 65 வயதுப் பெண்மணி, வழியில் குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்தார் என்பதற்காகப் பிள்ளைபிடிக்காரி என்று அடித்துக் கொல்லப்பட்டார். அந்த ஆண்டு நாடெங்கும் இதே பேச்சில் பலர் செத்தார்கள். சுற்றிய காணொளிகளில் ஒன்று, கராச்சியில் குழந்தைப் பாதுகாப்பு விழிப்புணர்வுக்காக எடுக்கப்பட்ட படம். பிள்ளையைத் திருப்பி விடும் கடைசிப் பகுதியை மட்டும் யாரோ வெட்டியிருந்தார்கள். நெருப்பில்லாமல் புகையுமா என்கிற பழமொழியை நான் ஏற்பதில்லை. நெருப்பே இல்லாமல் புகைந்த ஊரில்தான் அந்தப் பெண்மணி செத்தார். கேட்டதையெல்லாம் நம்புகிறவனும், எதையும் கேட்காமல் தள்ளுகிறவனும் அந்தப் பேச்சு எங்கிருந்து, ஏன் வருகிறது என்று விசாரிப்பதே இல்லை.

விசாரித்த ஓர் அதிகாரி உண்டு. அதே 2018 மார்ச்சில் தெலங்கானாவின் ஜோகுலாம்பா கத்வால் மாவட்டத்தில் காவல் கண்காணிப்பாளராக இருந்தவர் ரெமா ராஜேஸ்வரி. அவர் ஏற்கெனவே கிராமத்துக்கு ஒரு காவலரை ஒதுக்கி, ஊருக்குள் போய் ஜனங்களோடு பழகச் சொல்லியிருந்தார். அப்படிப் போனவர்கள் திரும்பி வந்து ஒன்றைச் சொன்னார்கள்: கோடை வந்துவிட்டது, வழக்கமாக வாசலில் கட்டில் போட்டுப் படுக்கிறவர்கள் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே படுக்கிறார்கள், பிள்ளைகளை வெளியே விடுவதில்லை. யாரும் புகார் கொடுக்கவில்லை. எந்தப் பதிவேட்டிலும் இல்லை. ஏன் என்று கேட்டபோதுதான் கைப்பேசிகளில் சுற்றிய பிள்ளைபிடிப்பவர் காணொளிகள் வெளியே வந்தன. அதன் பிறகு சுமார் 400 கிராமங்களில் காவலர்கள் வீடு வீடாகப் போனார்கள். ஊர் வாட்ஸாப் குழுக்களில் தங்கள் எண்ணைச் சேர்க்கச் சொன்னார்கள். தப்படித்துப் பாட்டுக் கட்டி, காணொளி எப்படி வெட்டப்படுகிறது என்று தெருவில் பாடிக் காட்டினார்கள். நாட்டின் பல இடங்களில் அடித்துக் கொன்ற மாதங்களில் அவர் எல்லையில் அப்படி ஒரு சாவும் நடக்கவில்லை.

வாசலில் கட்டில் இல்லை என்று கவனித்தது ஒரு காவலர். இந்தத் துறைக்கு இதைவிடப் பெரிய பாடம் எந்தப் பயிற்சிப் பள்ளியிலும் கிடைக்காது. வதந்தி கொல்கிறது என்பது அதைக் கேட்காமல் இருப்பதற்கான காரணம் அல்ல. முதல் நாளே கேட்பதற்கான காரணம்.

முற்றிலும் பொய்யான பேச்சுகூட எதையோ சொல்கிறது என்று காட்டியவர் நம் நாட்டு உளவியலாளர் ஜமுனா பிரசாத். 1934 ஜனவரி 15 அன்று பீகாரை நிலநடுக்கம் குலுக்கியபின், ஜனங்கள் பேசிக்கொண்டதை அவர் திரட்டினார். அதிர்ச்சியை உணர்ந்தும் பெரிய சேதம் காணாத இடங்களில் இதைவிடப் பயங்கரம் வரப்போகிறது என்ற பேச்சு பரவியிருந்தது. பயந்தவர்களை மேலும் பயமுறுத்தும் பேச்சு ஏன் பரவ வேண்டும்? அமெரிக்க உளவியலாளர் லியோன் ஃபெஸ்டிங்கர் பின்னாளில் இதில் நின்று யோசித்தார்: உடம்பு நடுங்குகிறது, கண்ணுக்குக் காரணம் தெரியவில்லை, அந்த நடுக்கத்துக்கு ஒரு நியாயத்தை மனசு தேடுகிறது. 1957-இல் அவர் வெளியிட்ட புகழ்பெற்ற கோட்பாட்டுக்கு ஒரு தொடக்கப் பொறி பாட்னாவின் தெருப்பேச்சு.

இன்னொரு தரப்பு இருக்கிறது. மக்கள் பேச்சு முக்கியம்தான், ஆனால் காது எதற்கு, இப்போது எல்லாம் திரையில் தெரிகிறதே, எது டிரெண்டிங் என்று பார்த்தால் போதுமே என்கிறார்கள். கட்சிகளும் துறைகளும் இதற்குப் பணம் கொட்டுகின்றன. 2008-இல் கூகுள் நிறுவனம், ஜனங்கள் தேடும் சொற்களை வைத்தே அமெரிக்காவில் ஃப்ளூ எவ்வளவு பரவியிருக்கிறது என்று சொல்லும் கருவியைக் கொண்டுவந்தது. 2012–13 குளிர்காலத்தில் அது உள்ளதைப் போல் ஏறத்தாழ இருமடங்கு காட்டியது. 2015-இல் மதிப்பீடு வெளியிடுவதையே நிறுத்திவிட்டார்கள். காய்ச்சல் வந்தவனும் தேடுகிறான், செய்தியைப் பார்த்துப் பயந்தவனும் தேடுகிறான்; எண்ணுகிற கருவிக்கு இருவரும் ஒன்றே. ட்விட்டரைப் பயன்படுத்தும் அமெரிக்கப் பெரியவர்களின் பதிவுகளில் 80 விழுக்காட்டை எழுதியவர்கள் பத்தில் ஒருவரே என்று 2019-இல் பியூ ஆய்வு மையம் காட்டியது. மிச்சம் ஒன்பது பேர் எங்கே பேசினார்கள்? சமையலறையில், பேருந்தில், வேலைத்தளத்தில், மூடிய குழுக்களில். காசு கொடுத்து மேலேற்றிய ஹேஷ்டேக்கை மக்கள் குரல் என்று படிக்கும் அமைச்சர் தன் கட்சி அலுவலகத்தின் குரலைத்தான் திரும்பக் கேட்கிறார்.

அப்படியென்றால் ஆள் வைத்து ஒட்டுக்கேட்கச் சொல்கிறாயா என்று கேட்பவர்களுக்கு என் பதில்: இல்லை, அதை எதிர்க்கிறேன். 1940-இல் பிரிட்டனின் தகவல் அமைச்சகம் ஜனங்களின் மனநிலையைத் தினமும் அறிக்கையாகத் திரட்டியது. அமைச்சர் டஃப் கூப்பரின் பெயரைச் சேர்த்து, கூப்பரின் மோப்பக்காரர்கள் என்று பத்திரிகைகள் அதைச் சாடின. சாடியதில் நியாயம் இருந்தது. அதே அமைச்சகம் அந்த ஜூலையில் வாய்மூடி இருங்கள் என்று ஒரு பிரசாரத்தையும் தொடங்கியது. கவலையாகப் பேசியதற்காகவே சாதாரண ஜனங்கள் நீதிமன்றம் ஏறினார்கள். எதிர்ப்பு கிளம்பி அது சீக்கிரமே கைவிடப்பட்டது. யார் சொன்னது என்று எழுதினால் அது உளவு. என்ன சொல்லப்படுகிறது என்று எழுதி, அதற்குப் பதில் தேடி, அதே இடத்துக்குத் திரும்பிப் போனால் அது ஆட்சி. பெயர் எழுதக் கூடாது, வழக்குப் போடக் கூடாது, பேசினவர் வீட்டுக்குப் போலீஸ் போகக் கூடாது. இந்த எல்லையை விட்டுக்கொடுத்தால் நான் கேட்பது எதுவும் வேண்டாம்.

யாருடைய பேச்சு வம்பு ஆகிறது, யாருடைய பேச்சு கருத்து ஆகிறது என்பதையும் பாருங்கள். குழாயடியில் பெண்கள் பேசினால் வம்பு; கிளப்பில் நாலு பேர் பேசினால் ஆலோசனை. ஆலை வாசலில் தொழிலாளி பேசினால் புரளி. போபால் இதற்கு விலை கொடுத்தது. 1981 டிசம்பரில் யூனியன் கார்பைடு ஆலையில் ஒரு தொழிலாளி பாஸ்ஜீன் வாயுவுக்குப் பலியானார். உள்ளே கசிகிறது, பராமரிப்பு இல்லை, ஆளைக் குறைக்கிறார்கள் என்று தொழிலாளர்கள் பேசிக்கொண்டார்கள். தொழிற்சங்கம் நகரச் சுவர்களில் எச்சரிக்கை ஒட்டியது. ராஜ்குமார் கேஸ்வானி என்ற இளம் பத்திரிகையாளர் அந்தப் பேச்சைக் காதுகொடுத்துக் கேட்டார். ஆவணங்களைத் தேடிப் படித்தார். 1982 செப்டம்பர் முதல் தன் சிறு வாரப் பத்திரிகையில் இந்த நகரத்தைக் காப்பாற்றுங்கள் என்று எழுதினார். 1984 ஜூனில் ஜன்சத்தா நாளிதழில் மறுபடி எழுதினார். பீதி கிளப்புகிறார் என்றார்கள். 1982 டிசம்பரில் சட்டமன்றத்தில் கேள்வி எழுந்தபோது மாநிலத் தொழிலாளர் நல அமைச்சர், அது கோடிக்கணக்கில் முதலீடு செய்த ஆலை, எடுத்து வேறிடத்தில் வைக்க அது சின்னக் கல் அல்ல, போபாலுக்கு ஆபத்து ஏதும் இல்லை என்ற பொருளில் பதில் சொன்னார். 1984 டிசம்பர் 2 நள்ளிரவில் வாயு வெளியேறியது. செத்தவர்கள் அரசுக் கணக்கிலேயே பல ஆயிரம். ஆலைச் சுவரை ஒட்டி வாழ்ந்த, ஆலையைப் பற்றி ஓயாமல் பேசிய, அந்த ஜனங்கள்தான்.

நம் ஊரில் செய்யக்கூடியது ஒன்றும் பெரிய காரியம் இல்லை. கிராம சுகாதார செவிலியருக்கு ஊரில் எந்தத் தெருவில் என்ன பேச்சு என்று யாரையும்விட நன்றாகத் தெரியும்; அதை அவர் மேலே சொல்ல ஒரு வழியும், மேலேயிருந்து ஒரு வாரத்துக்குள் பதில் வர ஒரு கட்டாயமும் வேண்டும். ஆண்டுக்கு ஆறு கிராம சபை கூடுகிறது. தீர்மானங்களை வாசிப்பதற்கு முன், ஊரில் என்ன பேசிக்கொள்கிறோம் என்பதை யார் சொன்னது என்று குறிக்காமல் பதிய அரை மணி நேரம் வேண்டும். மாவட்ட ஆட்சியர் அறிக்கை விடும்போது, வதந்திகளை நம்ப வேண்டாம் என்பதற்குப் பதிலாக நான்கு விவரம் தரட்டும்: இன்ன பேச்சு எங்கள் காதுக்கு வந்தது, இன்ன தேதியில் இன்னார் போய் விசாரித்தார், கண்டது இது, இன்னும் தெரியாதது இது. ஆனைக்கட்டியில் ஒரு காய்ச்சல் என்று பேச்சு வந்தாலும், எண்ணூரில் வாடை அடிக்கிறது என்று பேச்சு வந்தாலும் இந்த நான்கு விவரத்தை எழுத ஓர் ஆள் அங்கே போயாக வேண்டும்.